கண்ணுக்கு மை தீட்டிய மாடு

மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டிலிருந்து தபாலில் போகும் பொங்கல் வாழ்த்தெல்லாம் என் கைவரிசைதான். போன வருடம் வந்த அட்டைகளிலிருந்து படத்தை வெட்டி, புது அட்டையில் மைதாப் பசையால் ஒட்டி, ஜிகினா தூவி அனுப்பிவிடுவேன். அத்தனை சொந்தத்துக்கும் யார் உட்கார்ந்து வரைவது? ஒரே விதிதான்: ஒருவர் அனுப்பிய படம் அவருக்கே போய்விடக் கூடாது.

அந்த வருடம் பல்லாவரத்து அத்தையிடமிருந்து வாழ்த்து வரவில்லை. தம்பியின் காதுகுத்துப் பத்திரிகையில் அவர் பெயரை விட்டுவிட்டோம். அன்றிலிருந்து அப்பாவோடு பேச்சில்லை. அப்பாவுக்குக் கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். நேரே போய் நிற்க அப்பாவுக்கு ரோஷம். ஆனால் வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் சந்தைக்குப் போவார். அக்கா கண்ணில் பட மாட்டாரா என்று சுற்றிவிட்டு, வெறுங்கையோடு வர வெட்கப்பட்டு ஒரு பழைய டார்ச் வாங்கி வருவார். ஏழு டார்ச் சேர்ந்துவிட்டது. ஒன்றும் எரியாது.

“அத்தைக்கு நல்லதா ஒண்ணு செஞ்சு போடும்மா. பொங்கலுக்கு வரச் சொல்லி எழுது” என்றார்.

இருந்ததிலேயே அழகான மாட்டை எடுத்தேன். கண்ணுக்கு மை தீட்டிய மாடு. கொம்புக்குச் சிவப்படித்து அனுப்பினேன்.

பொங்கலன்று காலை, பானை பொங்குவதற்குள் அத்தை வாசலில் நின்றார், கையில் அந்த அட்டையோடு.

“டேய்! நான் நாள் பூரா உக்காந்து வரைஞ்ச மாட்டை எனக்கே அனுப்புறீங்களா? கொம்புக்கு வேற பெயின்ட்டு!”

படத்தை வெட்டும்போதே பெயரிருந்த பக்கத்தைத் தூக்கிப் போட்டிருந்தேன், பாவி. அப்பா பாதி சவரம் செய்த முகத்தோடு ஓடிவந்தார். என்னை வெளுக்கப் போகிறார் என்று பார்த்தால், பல்லெல்லாம் தெரிகிறது.

“உக்காந்து திட்டுக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அத்தை உட்கார்ந்தார். பத்திரிகையில் தொடங்கி மாடு வரைக்கும் திட்டினார். சர்க்கரைப் பொங்கல் வந்ததும்தான் வாய் நின்றது. அப்போது அலமாரியைப் பார்த்துவிட்டார்.

“எதுக்குடா இத்தனை டார்ச்சு?”

அப்பா மின்விசிறியைப் பார்த்தார். நான்தான் போட்டு உடைத்தேன். “வாராவாரம் உங்களைத் தேடிச் சந்தைக்கு வருவாரு அத்தை. இதுதான் கிடைக்கும்.”

அத்தை தட்டைக் கீழே வைத்தார். “சந்தை வரைக்கும் வந்தவனுக்கு, அங்கேருந்து நாலு தெரு நடக்கக் கால் வலிச்சுதா?” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது.

கிளம்பும்போது ஒரு டார்ச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“அது எரியாதுக்கா.”

“தெரியும், இருக்கட்டும்டா.”