இல்லாத மகளுக்கு எடுத்த விடுப்பு

எனக்குப் பிள்ளை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சின்னக்கானலில் நான் வேலை பார்க்கும் விடுதியில் இன்றைக்கும் எனக்கு ஒரு மகள் உண்டு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அடிக்கடி காய்ச்சல் வரும் பெண். அவளுக்காக நான் எடுத்த விடுப்பில், என்னோடு துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அக்காவின் ஆஸ்பத்திரி நாள் போயிற்று. ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை.

நான் பொய் சொல்லிப் பழகியவள் அல்ல. வாய்த்துடுக்கு உண்டு, கோபம் மூக்குக்கு மேல் உண்டு, பொய் கிடையாது. சொந்த ஊர் நல்லேப்பிள்ளி. வீட்டுக்காரர் அங்கே நெல் போடுகிறார். கல்யாணமாகிப் பதினோரு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூரில் நாங்கள் ஏறாத ஆஸ்பத்திரிப் படி இல்லை. பிறகு ஒருநாள் இருவருமாக, போதும் என்று நிறுத்திவிட்டோம். நாங்கள் நிறுத்தினாலும் ஊர் நிறுத்துமா? "ஏனுங்க, ஏதும் விசேசமுங்களா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லி மாளாமல்தான் மலைக்கு வேலைக்கு வந்தேன்.

முதலில் மூணாறு பக்கம் வேறொரு விடுதியில் மூன்று வருஷம் இருந்தேன். அறை கூட்டுவது, படுக்கை விரிப்பது, துணி துவைத்து மடிப்பது. அங்கே பிள்ளைக்காரிகளுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயம். ஓணத்துக்கு அவர்கள் போவார்கள், தீபாவளிக்கு அவர்கள் போவார்கள், பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் போவார்கள், பிள்ளை தும்மினால் போவார்கள். "நீ சும்மாதான இருக்க" என்று என் தலையில் கட்டிவிடுவார்கள். தாய்மாருக்கு விடுப்பு கொடுக்கக் கூடாது என்று நான் என்றைக்கும் சொன்னதில்லை. காய்ச்சலில் கிடக்கிற குழந்தையை விட்டுவிட்டு வந்து யாரோ ஒருவர் படுத்து எழுந்த மெத்தையை உதறச் சொல்வது பாவம். ஆனால் அந்த விடுப்பை முதலாளியா கொடுத்தான்? கூடுதலாக ஓர் ஆள் போட்டானா? என் நாளைப் பிடுங்கி அவளுக்குக் கொடுத்துவிட்டு, தன் கையிலிருந்து எடுத்துக் கொடுத்த மாதிரி சிரித்தான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

ஒரு தடவை நானும் இரண்டு நாள் கேட்டேன். எதற்கு என்றார்கள். "ஊட்டுக்காரரப் பாக்கோணுங்க" என்று உள்ளதைச் சொன்னேன். துணி அறையே சிரித்தது. ஒருத்தி கையிலிருந்த தலையணை உறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். புருஷனைப் பார்க்க ஆசைப்படுவது அவ்வளவு கேலியா? அன்றைக்கு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வருஷமே அங்கிருந்து விலகினேன்.

சின்னக்கானல் விடுதியில் சேர்ந்த அன்று மேற்பார்வையாளர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார். அவர் மலையாளி, நல்ல மனுஷன்தான். வயசு என்ன, ஊர் எது, "குட்டிகள்?"

"ஒண்ணுங்க. பொண்ணு. மாமியாகூட ஊர்ல இருக்குறா."

வாய் முந்திக்கொண்டது. அவர் எழுதிக்கொண்டார். சான்றிதழ் கேட்பார்கள், மாட்டிக்கொள்வேன் என்று ஒரு வாரம் அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி நடந்தேன். யாரும் கேட்கவில்லை. பிள்ளை இருக்கிறது என்று சொல்லும் பெண்ணிடம் யார் அத்தாட்சி கேட்பார்கள்? வீட்டுக்காரரின் அண்ணன் மகள் படம் ஒன்று போனில் இருந்தது. அதைக் காட்டினேன். "உன்னய மாதிரியே இருக்கு" என்றார்கள்.

துணி அறையிலும் அறைகளிலுமாக ஆறு பெண்கள். வார ஓய்வு போக, ஒரு நேரத்தில் ஒருத்திதான் விடுப்பில் போகலாம் என்பது வழக்கம். ஐந்து பேர் தாய்கள், என்னையும் சேர்த்து. ஆறாவது அந்த அக்கா. நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை, பக்கத்து எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அண்ணன் வீட்டில் இருந்து வருகிறவள். "அதுக்கென்ன, ஒண்டிக்கட்டை" என்று சொல்லித்தான் எல்லோரும் அவளிடம் நாள் வாங்குவார்கள். மூன்று வருஷம் நான் நின்ற இடத்தில் அவள் நிற்பதைப் பார்த்தேன். பார்த்தவுடன் என் மனதில் வந்தது இரக்கம் அல்ல. அப்பாடா, இந்தத் தடவை நான் இல்லை என்பதுதான் வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் வந்தது.

அக்கா நல்ல கேலிக்காரி. என் பேச்சைப் பிடித்துக்கொண்டு, "வாங்கோ, போங்கோ, நாலு விரிப்பு இருக்குங்கோ, மடிப்பமுங்களா" என்று இழுப்பாள். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். இரு முனையில் நின்று உதறி, நடந்து வந்து கையோடு கை சேர்த்து மடிக்க வேண்டும். அப்படி ஒருநாள் மடிக்கும்போதுதான் சொன்னாள்.

"இடது மாருல கல்லு மாதிரி ஒண்ணு இருக்கு புள்ள. வலி ஒண்ணும் இல்ல. தேனி டாக்டரு ஊசி குத்திப் பாக்கணும்னு திங்கக்கிழமை வரச் சொல்லிருக்காரு. என்னோட வார ஓய்வு அன்னிக்கு அவரு இருக்க மாட்டாராம்."

"போயிட்டு வந்துருங்க்கா, தள்ளிப் போடாதீங்க" என்று சொன்னவளும் நான்தான்.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்காரர் போன் செய்தார். அறுப்பு முடிந்து இரண்டு நாள் சும்மா இருப்பதாகவும், வர முடியுமா என்றும் கேட்டார். அவர் வாய்விட்டுக் கூப்பிடுகிற ஆள் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நேரே மேற்பார்வையாளரிடம் போய், மகளுக்குக் காய்ச்சல், ஊசி போட்டும் இறங்கவில்லை என்றேன். "குட்டியோட காரியமல்லே, வேகம் போயிட்டு வா" என்றார். உடுமலை, பொள்ளாச்சி என்று பஸ் மாறி மாறிப் போனேன். திங்கட்கிழமை என்பது அந்த அக்காவின் நாள் என்று எனக்கு உறைக்கவே இல்லை. திரும்பி வந்தபோது அவள் துணி அறையில் இருந்தாள். நான் போனதால் அவளைப் போக விடவில்லை. அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன்.

"புள்ளைக்கு இப்பத் தேவலையா?" என்றுதான் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு அடுத்து கிடைத்த நாள், ஜூனில் பள்ளி திறக்கும் நாள். ஆறு வாரம் தள்ளி. இந்தத் தடவை எனக்கு நன்றாகத் தெரியும். ஊருக்குப் போக எனக்கு எண்ணமும் இல்லை, வீட்டுக்காரர் நடவில் இருப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள் மேற்பார்வையாளரே வந்து, உன் மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்கிற நாள் அல்லவா, நீ ஏன் கேட்கவில்லை என்றார். மற்ற தாய்மாரின் பிள்ளைகள் எல்லாம் பெரிய வகுப்புகளில் இருந்தன. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். போகவில்லை என்று சொன்னால், இவள் என்ன தாய் என்று கேட்பார்கள். அக்காவுக்கு ஆஸ்பத்திரி இருக்கிறது என்று இழுத்தேன். அவளே குறுக்கே விழுந்தாள்.

"அட போ புள்ள. முத முத பள்ளிக்கூடம் போற புள்ள ஆத்தாளத் தேடும். என்னய யாரு தேடப் போறா? அது அடுத்த மாசம் பாத்துக்கிரலாம்."

அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளை இல்லை என்ற ஒரே வார்த்தை. வேலை போயிருக்கும், மானம் போயிருக்கும், அவ்வளவுதானே? நான் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வேண்டாத விடுப்பில், நடவுக்குப் போன புருஷனின் பூட்டிய வீட்டுக்குப் போய், இரண்டு பகலும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு நாளும் அவள் என் அறைகளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து, பஸ் நின்று, அவள் தேனிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆடி பாதி போயிருந்தது. கட்டி கக்கம் வரைக்கும் போய்விட்டது என்றார்கள். கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் என்று டாக்டர் சொன்னாராம். முன்னால் போயிருந்தால் குணமாகியிருக்குமா என்று யாருக்கும் தெரியாது என, என்னை நானே சமாதானப்படுத்தப் பார்த்தேன். அந்தச் சமாதானம் ஒரு வேளைச் சோற்றுக்குக்கூடத் தாங்கவில்லை.

ஆபரேஷன், மருந்து என்று அவளுடைய விடுப்பு தீர்ந்தது. அவளுக்கு இருந்ததே கொஞ்சம், அதிலும் பாதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தவள். அவள் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தார்கள். புதிதாக வந்தவளும் கல்யாணமாகாதவள். முதல் வாரமே ஒருத்தி அவளிடம் நாள் மாற்றிக் கேட்டாள். நான் பக்கத்திலேயே நின்றேன், வாயைத் திறக்கவில்லை.

போன மாசம் லயத்துக்குப் போய் அக்காவைப் பார்த்தேன். மத்தியான நேரம், அண்ணன் குடும்பம் கொழுந்து பறிக்கப் போயிருந்தது. தலையில் முடி இல்லை, துண்டு கட்டியிருந்தாள். மருந்து இனிமேல் வேண்டாம், வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். "உக்காருங்கோ" என்று கேலி செய்யப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. என்னால் தாங்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

"அக்கா, எனக்குப் பிள்ளையே இல்லீங்க்கா."

"என்ன புள்ள சொல்ற?"

எல்லாவற்றையும் சொன்னேன். படம் யாருடையது, காய்ச்சல் யாருக்கு, பள்ளி திறந்த அன்று நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். அடிப்பாள், துப்புவாள் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் போனேனோ என்னவோ. அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"அடிப்பாவி" என்றாள், சத்தமே இல்லாமல். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் புள்ளைக்குக் காச்ச அடங்கணும்னு மாரியாத்தா கோயில்ல மூணு செவ்வா மாவெளக்குப் போட்டேன் புள்ள. எனக்குன்னு ஒண்ணும் கேக்கல. ஒரே நேரத்துல ரெண்டு கேட்டா ஆத்தா எதக் குடுப்பா? மொதல்ல பச்சப் புள்ளைக்குக் கேப்போம், நம்மது பெறகு ஆகட்டும்னு விட்டுட்டேன்."

நான் தலையைத் தூக்கவில்லை.

"இனிமே கேட்டா குடுப்பாளா?" என்று என்னைத்தான் கேட்டாள்.