கடைசிப் பக்கத்து நிலம்

கலோலைனேயை எங்கள் ஊர் ஆண்களுக்குப் பிடிக்காது. டோங்காவில் பெண் பாய் முடையலாம், மரப்பட்டைத் துணி அடிக்கலாம். கிழங்குத் தோட்டம் மட்டும் ஆணுடையது. இவளோ அண்ணன் மோசெசே செத்த மறுவாரமே அவனுடைய மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனவள். புருஷனை அதற்கு முன்பே விட்டுவிட்டாள். முதல் அறுவடை வள்ளிக்கிழங்கை அவளே சுமந்து வந்து பாதிரியார் வீட்டு வாசலில் இறக்கினாள்.

“மீசை ஒண்ணுதான் குறை” என்றார்கள்.

“மீசை இருக்கிற நீங்க அத வச்சு என்னத்தக் கிழிச்சீங்க?” என்றாள்.

இருபத்திரண்டு வருஷம் அந்த எட்டு ஏக்கரில் உழைத்தாள். ஆனால் பத்திரத்தில் இருப்பது மோசெசேயின் மகன் சியோசாயாவின் பெயர். சட்டப்படி நிலம் ஆணுக்குத்தான். அவனை ஆக்லாந்தில் படிக்க வைத்ததும் அந்தக் கிழங்குதான். படித்தவன் நாவலாசிரியன் ஆனான். அத்தையைப் பற்றியே ஒரு நாவல் எழுதினான். அதை வெளியிட ஊருக்கு வருகிறவன், நிலத்தைப் பூசணி ஏற்றுமதிக்காரர் ஒருவருக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போகப்போகிறான் என்றும் பேச்சு அடிபட்டது.

விழாவுக்கு முன்பே புத்தகம் ஒன்று என் கைக்கு வந்தது. அவளுக்குக் கண் மங்கல். விதைக்கிழங்கை அவள் தரம் பிரிக்க, பக்கத்து வீட்டுக்காரியான நான் வாசித்தேன். கதையில் வருகிறவள் பனை உயரம். அவள் அதட்டினால் நாய்கூட உட்காரும். புயலுக்கும் அஞ்சாதவள்.

“பயமே கெடையாதாமா?” என்று சிரித்தாள். “கதவுக்குப் பின்னாடி மண்வெட்டிய வச்சுட்டுப் படுத்தவடி நான்.”

கடைசிப் பக்கத்தில் ஊர்த் தலைவர் நிலத்தை அவள் பெயருக்கே எழுதிக் கொடுக்கிறார், ஊரே கைதட்டுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை. அந்தப் பக்கத்தை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

விழா தேவாலயக் கூடத்தில் நடந்தது. எங்களிடம் அப்பாவின் சகோதரிக்குத்தான் முதலிடம். நல்ல பாய் அவளுக்கு, பன்றிக்கறியில் முதல் பங்கு அவளுக்கு. அவள் எதைக் கேட்டாலும் அண்ணன் பிள்ளைகள் மறுக்கக் கூடாது. சில அத்தைகள் இந்த உரிமையை வைத்து வீட்டையே காலி செய்வார்கள். இவள் அதுவரை ஓர் ஊசிகூடக் கேட்டதில்லை.

சியோசாயா முழந்தாளிட்டு முதல் புத்தகத்தை அவள் மடியில் வைத்தான்.

“கடைசிப் பக்கத்துல கொடுத்தியே, அத இப்பக் கொடு” என்றாள்.

கூடத்தில் சிரிப்பு எழுந்து பாதியில் அடங்கியது.

“அத்தை, பொம்பளை பேருக்கு மாத்தச் சட்டத்துல எடமில்ல.”

“அப்ப எந்தச் சட்டத்துலடா எழுதுன?”

“அது கதைதானே அத்தை...”

“பூசணிக்காரனுக்குக் குத்தகைக்கு விடலாம்ல? அத எனக்கு விடு. பொம்பளை குத்தகைக்கு எடுக்கலாம். ஆபீஸ்ல போய்க் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன்.”

“இதையெல்லாம் அப்புறம் பேசலாமே” என்றார் பாதிரியார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தை கேட்டுவிட்டாள், ஊரே சாட்சி. வாசகர்களுக்குக் கையெழுத்துப் போட வைத்திருந்த பேனாவைச் சியோசாயா வெளியே எடுத்தான்.

“எத்தனை வருஷத்துக்கு அத்தை?”

“இருபது.”

“அப்ப உங்களுக்குத் தொண்ணூறு ஆயிருமே!”

“ஆகட்டும். எனக்கு வேலை இருக்கு.”

கடைசிப் பக்கத்தின் அடியிலேயே எழுதிக் கையெழுத்திட்டான். முறையான பத்திரம் வந்து சேர ஏழு மாதம் ஆனது. கதையில் ஊரே கைதட்டியது, அன்று கூடத்தில் கைதட்டியது பெண்கள் மட்டும்தான். நானும் உள்ளங்கை எரியத் தட்டினேன்.

பின்னால் உட்கார்ந்திருந்த என் பக்கம் அவள் கையை நீட்டினாள். பிடித்தேன். சில்லென்று இருந்தது, நடுக்கம் நிற்கவே இல்லை.

“இத எழுதாம விட்டுட்டானே, பாவிப்பய” என்றாள்.