முன்வரிசையில் ஒரு பாடு

பிள்ளையைப் பரதநாட்டியத்தில் சேர்த்தது நான்தான். வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் யாரோ ஒரு பெண் ஆடியதைப் பார்த்துவிட்டு வந்து, எட்டு வயதுக் கழுதை ஒரு வருஷமாக என் காதைக் குடைந்தாள். "எனக்கும் சேத்து வுடும்மா." சரி என்று ஒருநாள் வாய் தவறிச் சொல்லித் தொலைத்தேன். உரலில் தலையைக் கொடுத்த பிறகு உலக்கைக்குப் பயந்து என்ன செய்வது?

வகுப்பு பொன்னேரியில், சனிக்கிழமை மூன்று மணிக்கு. எங்கள் வீடு கோட்டைக்குப்பத்தில். நான் பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டும் இறாலும் விற்பவள். விடியலில் உட்கார்ந்தால் நடுப்பகல் தாண்டித்தான் எழுந்திருப்பேன். வீட்டுக்கு ஓடி வந்து, எலுமிச்சம்பழத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, அவளுக்குத் தலை பின்னி, பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அந்த பஸ் ஒவ்வொரு ஊரிலும் நின்று, குசலம் விசாரித்துவிட்டுத்தான் நகரும். நான் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவேன். பொன்னேரி வந்ததும் அவள்தான் என்னைத் தட்டி எழுப்புவாள்.

வீட்டுக்காரர் ஏரியில் வலை கட்டுபவர். ராத்திரி ஏரி, பகலில் தூக்கம். சேர்க்கப் போகிறேன் என்று சொன்னபோது, "டான்ஸ் கத்துக்கினு இன்னா பண்ணப் போறா? இறாலுக்கு ஆடிக் காட்டப் போறாளா?" என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அதற்கு மேல் அவரிடம் பேசவில்லை. பேசத் தெம்பும் இல்லை.

முதல் நாள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் பழமும் பூவும் வைத்துக் கொடுத்தோம். டீச்சர் கட்டையில் கழியைத் தட்டி "தையா தை" என்றார். என் பிள்ளை துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்தாள். அப்போது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

தொல்லை வரிசையில் வந்தது. வகுப்பில் நான்கு வரிசை. முதலில் வருபவர்கள் முன்னால், கடைசியில் வருபவர்கள் பின்னால். டீச்சர் ஏழை பணக்காரர் என்று பார்ப்பவர் இல்லை, நல்ல மனுஷிதான். ஆனால் பொன்னேரிப் பிள்ளைகள் தெருவைத் தாண்டினால் வகுப்பு. எங்கள் பஸ் என்றைக்கு முந்தியிருக்கிறது? வாராவாரம் இவள் கடைசி வரிசை. வீட்டில் ஆடிக் காட்டச் சொன்னால், கட்டைச் சத்தத்தைக் கேட்டே பழகியதால் கால் சரியாக விழும். கை மட்டும் எங்கேயோ போகும்.

"கைய ஒழுங்கா வையேண்டி" என்று ஒருநாள் கத்தினேன்.

"முன்னாடி நிக்கிற அக்காவோட ஜடைதாம்மா தெரியுது. டீச்சர் கை எங்க தெரியுது?"

மூன்றாம் மாதம் டீச்சர் என்னைக் கூப்பிட்டார். "கால் நல்லா இருக்கும்மா. கைதான் வரவே மாட்டேங்குது. மத்தவங்க அடுத்த அடவுக்குப் போறாங்க, இவளால ஈடு கொடுக்க முடியாது. ஒரு வருஷம் போகட்டும், மறுபடி சேர்த்துக்கலாமா?"

உண்மையைச் சொல்கிறேன், அந்த நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. இனி சனிக்கிழமை மதியம் காலை நீட்டிப் படுக்கலாம். பிறகுதான் பிள்ளையைப் பார்த்தேன். அழவில்லை. சொல்லிக்கொடுத்தபடி குதிகாலைச் சேர்த்து நின்று, தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம், யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை.

"டீச்சர், எங்க ஏரியில எல்லா எடத்துலயும் ஒண்ணுபோல இறால் படாது. முந்தினவனுக்குத்தான் நல்ல எடம்னு வுட்டா வெட்டு குத்துல முடியும். அதனால சீட்டுக் குலுக்கிப் பாடு வச்சிக்கிறோம். இன்னிக்கு நல்ல எடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. இங்கயும் வரிசைய அப்படி மாத்தி வுடுங்க. ஒரு நாள் இவ முன்னாடி நிக்கட்டும். அப்பவும் கை வரலன்னா நானே கூட்டிக்கினு போயிடறேன்."

பின்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று முனகினார்.

"கோணல்னு யாரு சொன்னா? கூடமே தெரியலன்றேன்" என்றேன். டீச்சர் சிரித்துவிட்டார். வரிசைக்கு ஒன்றாக நாலு சீட்டு எழுதி, மிட்டாய் டப்பாவில் போட்டுக் குலுக்கினார். எங்கள் வரிசைக்கு நாலாவது வாரம் விழுந்தது. அன்றைக்குப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார்.

பெரிய இவள் மாதிரிப் பேசிவிட்டேனே தவிர, ஏரிக் குலுக்கலில் எனக்குச் சீட்டு கிடையாது. பாடு ஆம்பிளைகளுக்கு மட்டும்தான். ஊர்க்கூட்டத்தில் நாங்கள் ஓரமாக நின்று, யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்று கேட்டு மனப்பாடம் செய்துகொள்வோம். பஸ்ஸில் அவளுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். தன் பாடு வரும் நாளில் போகாதவன் அதை விட்டதுதான், முழுச் சுற்று முடிந்தால்தான் மறுபடி வரும் என்றும் சொன்னேன்.

நாலாவது சனிக்கிழமை மார்க்கெட்டிலிருந்து வரும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. கால் வீங்கிக் கிடந்தது. பாயை விரித்துப் படுத்துவிட்டேன். பிள்ளை தானே தலை சீவி, கோணல் மாணலாகப் பின்னி, பையோடு வாசலில் வந்து நின்றாள்.

"அடுத்த வாரம் போவலாம்டி. டீச்சர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

"இன்னிக்கு என் பாடும்மா. வுட்டா போச்சு."

எழுந்து உட்காரப் பார்த்தேன், தலை சுற்றியது. தூங்கி எழுந்து அப்போதுதான் சோற்றில் கை வைத்திருந்த வீட்டுக்காரர், பிள்ளையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தட்டிலேயே கையைக் கழுவினார்.

"பாடுன்னா போய்த்தான் ஆவணும். நீ படுமே" என்றார். வலை ஏற்றும் பைக்கில் அவளை உட்கார வைத்துக்கொண்டு, கட்டிய லுங்கியோடு கிளம்பிவிட்டார்.

சத்தம் தேய்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. மூன்று மாதம் பஸ்ஸில் இடிபட்டவள் நான், சண்டை போட்டவள் நான், பார்க்கப் போகிறவர் அவர். அழுதுகொண்டே தூங்கியும் போனேன்.

பொழுது சாயும்போது வந்தார்கள். "இன்னாச்சு?" என்றேன்.

"முன்னாடி நின்னா. கை வந்துச்சு. அடுத்த வாரமும் வரச் சொன்னாங்க" என்றார். பைக் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, "நல்லாத்தான்மே ஆடறா" என்றார். மறுபடி சனிக்கிழமை, மறுபடி பஸ். அந்த அலுப்பும் சந்தோஷமும் ஒன்றாகவே வந்தன.

பிள்ளை துப்பட்டாவை அவிழ்க்கவில்லை. இன்னொரு பாயை எடுத்து அறையின் நடுவில் போட்டாள். வழக்கம்போல அவர் அதில் உட்காரப் போனார், நான் சுவரோரம் நகர்ந்தேன்.

"நைனா, நீ பாத்துட்டே. பின்னாடி போ" என்றாள். என் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்ப உன் பாடும்மா. முன்னாடி வந்து உக்காரு."

அவர் பின்னால் நகர்ந்தார். நான் வீங்கின காலை ஊன்றி எழுந்து, முன்னால் போய் உட்கார்ந்தேன்.