கண் துடைத்த வேன்

நூலக்காவுக்குப் பிறவியிலேயே மாறுகண். இடது கண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வலது கண் உங்கள் பக்கத்தில் நிற்பவரை விசாரித்துக்கொண்டிருக்கும். இதைப் பூசி மெழுகிச் சொல்ல வேண்டியதில்லை. அவளே அதை மறைத்தவள் இல்லை. அவளுடைய அக்கா புருஷனும் வண்டிப் பட்டறை முதலாளியுமான மாமா, கல்யாணமான புதிதில் ஒரு கேலியைக் கண்டுபிடித்தார். அதையே இத்தனை வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தார்.

"என்னைப் பாக்குறியா, செவுத்தைப் பாக்குறியா?"

"செவுத்தைத்தான் மாமா. அது கொஞ்சம் லட்சணமா இருக்கு."

பட்டறையே சிரிக்கும். மாமாவும் சிரிப்பார். அவர் அப்போதெல்லாம் நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, வண்டிகளின் பார்வை நேராக இருக்கிறதா என்று பார்ப்பது. இப்போது வரும் வண்டிகளில் முன் பம்பருக்குப் பின்னால் ஒரு ரேடார், கண்ணாடிக்கு உச்சியில் ஒரு கேமரா என்று வைத்துவிடுகிறார்கள். முன்னால் போகிற வண்டி சட்டென்று நின்றால், டிரைவர் காலைத் தூக்குவதற்குள் வண்டியே பிரேக் போட்டுக்கொள்ளும். நல்ல விஷயம்தான். ஆனால் அந்த ரேடார் ஒரு மயிரிழை திரும்பினாலும் போதும், தூரத்தில் அதன் பார்வை பக்கத்துப் பாதைக்குப் போய்விடும். எங்கேயோ ஓரமாக நிற்கிற லாரியைப் பார்த்துப் பயந்து நடுரோட்டில் நின்றுவிடும். அதனால் பம்பரைக் கழற்றி மாட்டினால் ரேடாரையும் பார்த்தாக வேண்டும்.

அதைப் பார்க்கிற மெஷினை விற்றவர்கள் ஆள் அனுப்பிச் சொல்லிக்கொடுத்தபோது பட்டறையில் யாருக்கும் பொறுமை இல்லை. பாதி நாள் ஒரே வண்டிக்கு முன்னால் உட்கார எவனால் முடியும்? டயர் கழற்றிக்கொண்டிருந்த இவள்தான் கடைசிவரை உட்கார்ந்து கற்றுக்கொண்டாள். "மாறுகண்ணு எப்படி நேர் பாக்கும்?" என்று பெயிண்டர் கேட்டான்.

"ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தடவை பாப்பேன். நீ ஒரு தடவையாவது பாப்பியா?" என்றாள்.

அவள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். பட்டறையின் பின்பக்கம் சமதளமாகத் தரை போட்ட ஒரு நீளக் கூடம். அங்கே இரும்புச் சாமான் எதுவும் கிடக்கக் கூடாது. முதலில் நாலு டயரிலும் காற்று பார்ப்பாள். டிக்கியில் கிடக்கிற ஜாக்கி, குடை, பழைய செருப்பு எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைப்பாள். பிறகு வண்டியின் முன்னாலும் பின்னாலும் நட்டநடுவே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் புள்ளி வைத்து, இரண்டு புள்ளிக்கும் நேராக வெள்ளை நூலை இழுத்துக் கட்டுவாள். அந்த நூலை வைத்துத்தான் எதிரே ஸ்டாண்டை நிறுத்துவாள். அதில் இருக்கிற இரும்புக் கூம்பைத்தான் ரேடார் பார்க்க வேண்டும். நூலின் மறுமுனையைப் பிடிப்பவர் மூச்சுவிடுவதுகூட அவளுக்குப் பிடிக்காது. "நூலு பிடிக்கிறா" என்றால் அந்தப் பக்கம் யாரும் தும்ம மாட்டார்கள். பெயர் அப்படி வந்ததுதான். பிறகு கம்ப்யூட்டரில் பார்த்து, ரேடாரின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, மறுபடி பார்த்து, மறுபடி திருப்பி, எல்லாம் ஆன பிறகு ஒரு மெத்தென்ற துணியால் கேமரா கண்ணாடியையும் ரேடார் மூடியையும் துடைப்பாள். துடைத்துவிட்டு, "கண் தொடச்சாச்சு" என்று முன்பக்கம் கேட்கும்படி ஒரு குரல் கொடுப்பாள்.

இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். துடைப்பது கடைசி வேலை. அதனால் பட்டறையில் "கண் தொடச்சாச்சு" என்றால் எல்லாம் முடிந்தது, நம்பி ஓட்டலாம் என்று அர்த்தம். டிரைவர்கள் அவளிடம் வேறு எதுவும் கேட்பதில்லை. "கண் தொடச்சாச்சா அக்கா?" என்பார்கள், சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

குடியிருப்பு பட்டறைக்கு மேலேயே. முன் அறையில் அக்காவும் மாமாவும், பின் அறையில் இவள். கல்யாணம் வேண்டாம் என்று இவளேதான் சொல்லிவிட்டாள். பார்க்க வந்த மாப்பிள்ளைகளின் முகத்தை இரண்டு கண்ணாலும் பார்த்த பிறகு எடுத்த முடிவு என்பாள். கீழே கவுண்டரில் அக்கா உட்கார்ந்திருப்பாள். அக்கா அதிகம் பேச மாட்டாள். புருஷன் எதைச் சொன்னாலும் "ம்" என்பாள். அந்த "ம்"முக்கு ஆமாம் என்றும் அர்த்தம், உன் இஷ்டம் என்றும் அர்த்தம், தலையெழுத்து என்றும் அர்த்தம். அக்கா வாயைத் திறந்து பேசிய ஒரே விஷயம் அவளுடைய பித்தப்பைக் கல். ஆபரேஷன் செய்து எடுத்த கற்களை ஒரு சின்னப் பாட்டிலில் போட்டுக் கவுண்டரிலேயே வைத்திருந்தாள். வண்டி விட வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தத் தரிசனம் உண்டு. "இத்தனையும் என் வயித்துல இருந்துச்சு" என்று குலுக்கிக் காட்டுவாள். வந்தவன் சாவியைக் கொடுத்துவிட்டு ஓடுவான்.

ஒரு நாள் மத்தியானம் வேன்காரர் நடந்து வந்தார். நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவிடுகிற கம்பெனி வேனை ஓட்டுகிறவர். எப்போதும் சீருடையில் வருகிறவர், அன்றைக்கு வீட்டுச் சட்டையில் வந்து கூடத்து வாசலில் நின்றார்.

"வண்டி எங்கே?" என்றாள் நூலக்கா.

"சாவியைப் பிடுங்கிட்டாங்க அக்கா."

சொன்னார். வளைவான ரோடு, ஓரத்தில் வரிசையாக லாரிகள். முன்னால் ஒரு வண்டியும் இல்லை. வேன் தானாகவே தடாலென்று பிரேக் போட்டது. பின் சீட்டில் இருந்த தையல்கார அம்மா பெல்ட்டை மீறி முன்னால் சரிந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு முறிந்துவிட்டது. வலது கை. கத்தரி பிடிக்கிற கை.

"நான் தூங்கிட்டேன், பயந்து போய் பிரேக்கை மிதிச்சுட்டேன்னு சொல்றாங்க. வண்டி தானாப் போட்டுச்சுன்னு சொன்னேன். சென்சார்ல கோளாறு இருக்குமான்னு கேட்டாங்க. இருக்காது, நூலக்கா பட்டறையில கண் தொடச்ச வண்டின்னு நானே சொல்லிட்டேன். அப்போ தப்பு உன்னோடதுதான்னு முடிச்சுட்டாங்க."

அவருக்கு அதிலிருந்த அநியாயம்கூடச் சரியாகப் புரியவில்லை. இவளுக்குப் புரிந்தது. அவள் இத்தனை நாள் சேர்த்த நல்ல பெயரே அந்த மனிதனின் கழுத்தில் கயிறாக விழுந்திருக்கிறது. ஆனால் அந்த வேனுக்கு நூல் பிடித்ததாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

"என்னிக்குக் கொண்டு வந்தீங்க?"

"கேட்டுல உரசிப் பம்பர் மாத்தினோமே, அன்னிக்கு. நீங்க இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கீங்கன்னாங்க. நாளைக்கு வரட்டுமான்னு கேட்டேன். முதலாளிதான், எதுக்கு நாளைக்கு, கண் தொடச்சாச்சு, எடுத்துட்டுப் போன்னார்."

நூலக்கா கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தாள். மாமா ஆபீஸ் அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

"வேனோட ரேடாரை யார் பாத்தது மாமா?"

"டாஷ்போர்டுல எரிஞ்ச எச்சரிக்கை விளக்கை மெஷின்ல அணைச்சேன். துணி எடுத்துத் தொடச்சேன்."

"பாத்தீங்களா?"

"நான் பாத்தேன்னு சொன்னேனா? கண் தொடச்சாச்சுன்னு சொன்னேன். தொடச்சேன். இதுல என்ன பொய் இருக்கு?"

இந்தப் பதிலைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது? கண்துடைப்பு என்று ஊரில் சும்மா சொல்வார்கள். இந்த மனிதர் துணியைக் கையில் எடுத்தே செய்திருக்கிறார். அதைச் செய்துவிட்டுச் சொல்லுக்குச் சொல் உண்மை பேசியதாகப் பெருமை வேறு.

"ஒருத்தர் கை உடைஞ்சிருக்கு. ஒருத்தர் வேலை போயிருக்கு."

"அவன் டிரைவர்தானே, வேற வண்டி கிடைக்கும். பட்டறை போனா நமக்கு வேற என்ன இருக்கு? நாளைக்குக் கம்பெனி அதிகாரி வரார். நீதான் பாத்தேன்னு சொல்லிடு. உன் பேருக்கு அவங்க மறுபேச்சு பேச மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒரே வீட்டுல இருக்கோம், யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்துக்கொள் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா? மேலே இருக்கிற பின் அறையை யோசித்துக்கொள். கூடத்தையும் மெஷினையும் யோசித்துக்கொள். அக்காவையும் யோசித்துக்கொள். அக்கா கவுண்டரில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "ம்"கூடச் சொல்லவில்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். வேனை வேறொரு டிரைவர் மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். நம் வேன்காரர் கேட்டுக்கு வெளியே, உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். மாமா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். துடைப்பதில் அவர் கெட்டிக்காரர்.

"பம்பர் வேலை இங்கதான் நடந்திருக்கு. சென்சாரைப் பாத்தது யாரு?" என்றார் அதிகாரி.

"எங்க மச்சினிதான் சார்."

"நான் பாக்கல. அன்னிக்கு நான் இங்க இல்ல" என்றாள் நூலக்கா.

மாமா சிரித்தார். அதிகாரியின் பக்கம் சாய்ந்து, ரகசியம்போல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். அவ கண்ணைப் பாத்தாலே தெரியும். குடும்பத்துப் பொண்ணு, ஒதுக்க முடியுமா? இரக்கப்பட்டு வேலை குடுத்தேன். எங்கயாவது கோணலாப் பாத்திருப்பா, இப்போ பயத்துல இல்லைங்கறா."

அதிகாரி தலையைத் தூக்கி அவள் கண்களைப் பார்த்தார். முதலில் இடது கண்ணை, பிறகு வலது கண்ணை. பள்ளிக்கூட நாளிலிருந்து அவளுக்குப் பழக்கமான பார்வை அது. கேலி செய்தவர்கள்மேல் அவளுக்கு என்றுமே கோபம் வந்ததில்லை. ஆனால் இத்தனை வருஷம் அந்தக் கண்ணை வைத்துப் பட்டறைக்குப் பெயர் வாங்கிக்கொண்டு, மாட்டிக்கொண்ட அன்றைக்கு அதே கண்ணைக் காட்டிக்கொடுத்த மனிதரை என்ன செய்வது? வந்தது அழுகையில்லை, சுத்தமான ஆத்திரம்.

டக்கென்று ஒரு சத்தம். அதிகாரியின் முன்னால் மேஜைமேல் அக்கா பாட்டிலை வைத்திருந்தாள்.

"இது என்னம்மா?" என்று அதிகாரி நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தார்.

"என் வயித்துக் கல்லு சார். இது வெளிய வந்த அன்னிக்குத்தான் அந்த வேன் இங்க வந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வேன் வந்து நிக்குது, அவசர வேலை, வர முடியலன்னு இவர்தான் போன்ல சொன்னார். ஆபரேஷனுக்குக் கட்டின பொண்டாட்டியை அனுப்பிட்டு இங்கயே இருந்தார். எனக்கு மயக்கம் தெளியற வரைக்கும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது அவ. எந்தக் கண்ணால கோணலாப் பாத்திருப்பா, நீங்களே கேளுங்க."

ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் அவள் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். மாமா "ஏய்" என்றார். அக்கா அவரைப் பார்த்து, "ம்?" என்றாள். இந்த "ம்" புதுசு.

அதிகாரி எழுந்து நூலக்காவிடம், "இப்போ பாக்க முடியுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

பம்பரைக் கழற்றியதுமே தெரிந்துவிட்டது. ரேடாரைத் தாங்கும் இரும்புப் பட்டை ஒரு பக்கம் வளைந்திருந்தது. நூல் பிடித்துக் கம்ப்யூட்டரில் பார்த்தபோது வேனின் பார்வை பாதையை விட்டு ஓரத்துக்குப் போயிருந்தது. லாரிகள் நிற்கிற ஓரம். அதிகாரி குனிந்து வளைந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தார்.

"டிரைவரை நாளைக்கு ஆபீஸுக்கு வரச் சொல்றேன்."

"எதுக்கு சார் நாளைக்கு? கேட்டுலதான் நிக்கிறார்" என்றாள் நூலக்கா. "அந்தத் தையல்கார அம்மா வீட்டுக்கும் யாராவது போய்ச் சொல்லணும். இவர் தூங்கலன்னு அவங்களுக்கும் தெரியணும்."

அதிகாரி அவரை உள்ளே கூப்பிட்டார். தப்பு உங்களுடையது இல்லை என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சாவியை நீட்டினார். வேன்காரர் சாவியை வாங்கவில்லை. நூலக்காவைப் பார்த்து, "கண் தொடச்சாச்சா அக்கா?" என்றார்.

"இன்னும் இல்ல. இருங்க."

புதுப் பட்டை போட்டபின் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டாள், புள்ளி வைத்தாள். மறுமுனையைப் பிடிக்கப் பெயிண்டர் முன்னால் வந்தான். அவள் தலையை ஆட்டினாள்.

"நீ இரு. மாமா, நீங்க வாங்க."

மாமா ஒரு நிமிஷம் நின்றார். அதிகாரி பார்த்தார், அக்கா பார்த்தாள், வேன்காரர் பார்த்தார். வேறு வழியில்லாமல் வெள்ளைச் சட்டையோடு தரையில் மண்டியிட்டு நூலைப் பிடித்தார். எதிர்முனையில் நூலக்காவும் மண்டியிட்டுக் கன்னம் தரையில் படும்படி குனிந்து நூலின் வழியே பார்த்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நூல் நடுங்கியது.

"வழக்கமாக் கேப்பீங்களே மாமா, என்னைப் பாக்குறியா செவுத்தைப் பாக்குறியான்னு. கேளுங்க."

அவர் கேட்கவில்லை.

"உங்களைத்தான் பாக்கறேன்," என்றாள் அவள். "ரெண்டு கண்ணாலயும். நூலை ஆட்டாமப் பிடிங்க."