காய்ந்த மோட்டாரும் குணசேகரன் சாரும்

புது எண்ணிலிருந்து போன் வந்தால் இன்றும் எடுக்கத் தயங்குவேன். போன வாரம் அப்படி வந்த போனில் பேசியது குணசேகரன் சாரின் மகள். "அப்பா காலையில தவறிட்டாங்கண்ணே" என்றார். எங்கள் ஊரில் வி.ஏ.ஓ.வாக இருந்தவர், பட்டா, அடங்கல் என்று அவரிடம் போய் நிற்காதவர் எங்களில் யாரும் இல்லை. நான் அவரை நினைப்பது வேறொன்றுக்காக.

பல வருஷத்துக்கு முன்னால் பக்கத்து வயலில் பம்புசெட் மோட்டார் காணாமல் போனதற்குப் போலீசார் என்னைப் பிடித்துப் போனார்கள். நான் எடுக்கவில்லை. ஆனால் அடி தாங்காமல், எடுத்து வாய்க்காலில் போட்டதாக ஒப்புக்கொண்டேன். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்பது எனக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். கைதானவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும் என்பதும் தெரியும். அதனால்தான் மறுநாள் என்னை வாய்க்காலுக்குக் கூட்டிப்போனார்கள். குறுவை நடவு நேரம், இடுப்பளவு தண்ணீர் ஓடியது. மோட்டார் எனக்கு முன்பே வந்து கரையில் கிடந்தது.

நான் காட்ட, தண்ணீரிலிருந்து எடுத்ததாக எழுதிய பறிமுதல் மகஜர் தயாராக இருந்தது. சாட்சிக் கையெழுத்துக்கு வழக்கம்போல் சாரை வரவழைத்தார்கள்.

அவர் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "நீங்களா காட்டுனீங்க?"

ஏட்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "ஆமாங்க சார், நான்தான்" என்றேன்.

சார் பேனாவை எடுக்கவில்லை. "தண்ணியிலேர்ந்து எடுத்தது எப்படிங்க இவ்ளோ காஞ்சு கெடக்கு? எடுத்ததை நான் பாக்கலையே."

"எத்தனையோ போட்டிருக்கீங்க. இதுக்கு மட்டும் என்ன சார்?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"போட்டேங்க. அதுல ரெண்டு பேரு உள்ள போனாங்க. இனிமே முடியாதுங்க."

அவர் கிளம்பிப் போனதும் என்னை என்ன செய்வார்களோ என்று பயந்தேன். போட்டுத் தொலைத்திருக்கலாமே என்றுகூட அவர்மேல் எரிச்சல் வந்தது. கையெழுத்தை வேறொருவரிடம் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் எங்கள் வக்கீல் கூப்பிட்டதும் சார் கோர்ட்டுக்கு வந்து, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். நான் விடுதலையானேன். அதற்குத் தண்டனையாக அவரைத் திருப்பனந்தாள் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

துக்கம் கேட்கப் போன இடத்தில் பயமே அறியாத மனுஷர் என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அவர் மனைவி மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்:

"அந்த மோட்டாருக்குக் கையெழுத்துப் போடாம வந்த அன்னைக்கு, கதவைத் தாப்பாப் போட்டுட்டு உக்காந்தாரு தம்பி. மூணு நாளு ஆபீசுக்கே போகல. ஜீப்பு சத்தம் கேட்டா எந்திரிச்சு நின்னுடுவாரு."

அங்கேயே அழுதுவிட்டேன். என்னைப் பொய் சொல்ல வைத்த அதே பயம் அவருக்கும் இருந்திருக்கிறது. அவர் நினைவாக அவருடைய அந்தப் பயத்தைத்தான் நான் வைத்துக்கொள்கிறேன். தைரியசாலி ஒருவரைப் போல நடக்க என்னால் ஆகாது. என்னைப் போலவே பயந்த ஒருவரைப் போல நடக்க முயன்று பார்க்கலாம்.