இடைவேளையில் எடுக்காத சைக்கிள்

அம்பாசமுத்திரத்தில் ஒரு படம் ஓடுமா ஓடாதா என்பதைத் தீர்மானித்தது நடிகரும் இல்லை, போஸ்டரும் இல்லை. கல்லிடைக்குறிச்சிக் குமரகுருபரனின் சைக்கிள்தான். சிரிக்க வேண்டாம், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

அவர் சினிமா விமர்சகர். திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு மாலைப் பத்திரிகைக்கு முப்பத்து நாலு வருஷம் விமர்சனம் எழுதினார். எழுதினார் என்று பேர்தான். தியேட்டர் விளம்பரத்தில் மூச்சுவிடுகிற பத்திரிகை அது. ‘மோசம்’ என்று எழுதி அனுப்பினால் ‘பரவாயில்லை’ என்று அச்சாகும். ‘பரவாயில்லை’ என்று அனுப்பினால் ‘பிரமாதம்’ என்று வரும். இரண்டு தடவை ஆசிரியரிடம் போய்ச் சண்டை போட்டார். மூன்றாவது தடவை, வேலையே வேண்டாம் என்று கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்தவர், மடிப்புக் கிழிந்தும் அதைக் கொடுக்கவே இல்லை. கொடுத்துவிட்டால் படம் பார்ப்பது நின்றுபோகுமே! தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் மேட்னி பார்த்துவிட்டு, மாப்பிள்ளை அழைப்புக்கே பிந்தி வந்த ஆளாக்கும் அவர்.

ஆனால் கை எழுத முடியாததைக் கால் செய்தது. படம் பிடிக்கவில்லையென்றால் இடைவேளையில் எழுந்து வருவார், ஸ்டாண்டில் சைக்கிளை எடுப்பார், ஆற்றுப் பாலத்தைத் தாண்டி வீட்டுக்குப் போய்விடுவார். சைக்கிள் ஸ்டாண்டு சொரிமுத்து அதை டீக்கடையில் சொல்வான். டீக்கடையிலிருந்து கண்டக்டர்கள் விக்கிரமசிங்கபுரம் மில் வாசலுக்கும் மாஞ்சோலை மலைக்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். “அண்ணாச்சி சைக்கிள எடுத்துட்டாரு வே!” அவ்வளவுதான், படம் காலி. கடைசிவரை உட்கார்ந்திருந்தார் என்று தெரிந்தால், மில் ஆட்கள் ஷிப்ட் முடிந்த கையோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

தொண்ணூற்று நாலில் அவருடைய சம்பந்தி பாபநாசம் பிள்ளை ஒரு படம் எடுத்துத் தொலைத்தார். ரைஸ்மில் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது? யார் இவரைப் படம் எடுக்கச் சொல்லி அழுதார்கள்?

படம் வெளியாவதற்கு முந்தின நாள், மகள் மதுமதி வந்தாள். ஏழு மாசம். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே பேசினாள்.

“யப்பா, நாளைக்கு நீங்க கடைசிவரைக்கும் இருக்கணும்.”

“படம் நல்லாருந்தா இருக்கப்போறேன். இதுக்கா வெயில்ல வந்த?”

“நல்லாயில்லன்னாலும் இருக்கணும். எங்க மாமா என்ன சொன்னாவ தெரியுமா? ‘ஒங்க அப்பன் சைக்கிள எடுத்தா, நீயும் அதே சைக்கிள்ல பின்னால ஏறிப் போயிரு’ன்னாவ. எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருக்கும்போது சொன்னாவ. ஒங்க மாப்பிள்ளை குனிஞ்ச தல நிமிரல்ல.”

அவர் “உள்ள வா, தண்ணி குடி” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மேட்னி. பால்கனியில் ஒரு பக்கம் சம்பந்தி, இன்னொரு பக்கம் மகள், நடுவில் இவர். படமா அது? கதாநாயகனுக்கு மூன்று வேஷம், மூன்றிலும் ஒரே மூஞ்சி. ஒவ்வொரு சண்டைக்கும் பிள்ளை இவர் முழங்கையை இடித்து, “எப்படி சம்பந்தி?” என்று கேட்டார். இவர் மண்டையை ஆட்டினார்.

இடைவேளை விட்டதும், பழக்கதோஷம், கால் தானாகவே படியிறங்கி ஸ்டாண்டுக்குப் போய்விட்டது. சொரிமுத்து கேட்கவே இல்லை. அவனும் பழக்கத்தில் சைக்கிளைத் தூக்கி வெளியே வைத்தான். டீக்கடையில் நின்றவர்கள் தம்ளரோடு திரும்பிப் பார்த்தார்கள். மலைக்குப் போகிற பஸ்ஸின் கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தார். சாவி குமரகுருபரன் கையில் இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். மாடி வராந்தாவில் மதுமதி இடுப்பில் கையை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள்.

“வேண்டாம்லே, உள்ள வை. முறுக்கு வாங்கத்தான் வந்தேன்” என்றார். சொரிமுத்து அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளைப் பழைய இடத்திலேயே நிறுத்தினான். முறுக்கை அவரால் தின்ன முடியவில்லை. பாவி மனுஷன், படம் முடியும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் படம் எட்டு நாள் நிறைந்து ஓடியது. பார்த்தவர்கள் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்கள். மதுமதிக்கு வளைகாப்பு ஜாம்ஜாமென்று நடந்தது. பையன் பிறந்தான்.

நாலு மாசம் கழித்து ஒரு சின்னப் படம் வந்தது. தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பாட்டும் ஒன்றே ஒன்று. உப்பளத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணின் கதை. குமரகுருபரன் இடைவேளையில் எழுந்திருக்கவே இல்லை. முப்பத்து நாலு வருஷம் பார்த்த குப்பையெல்லாம் இந்த ஒரு படத்துக்காகத்தான் என்று நினைத்து, இருட்டில் தேம்பித் தேம்பி அழுதார். வீட்டுக்குப் போனதும் ‘பிரமாதம்’ என்று எழுதினார். ‘பிரமாதம்’ என்றே அச்சாகியும் வந்தது. நாலு மாசத்துக்கு முன்னால் சம்பந்தி படத்துக்கும் அதே பத்தியில் அதே வார்த்தைதான் வந்திருந்தது.

ஊரில் ஒரு அசைவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவரே தியேட்டர் வாசலில் போய் நின்றார்.

“சொரிமுத்து, நான் கடைசிவரைக்கும் இருந்தேன்லா, நீ யார்ட்டயும் சொல்லலையா?”

“சொன்னேன் அண்ணாச்சி. இது யாரு படம்னு கேக்காவ. கொழுந்தியா வீட்டுப் படமான்னு கேக்காவ” என்றான். அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அப்போது மூன்று பிள்ளைகளோடு ஒரு பெண் கடைச் சாமான் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். மாஞ்சோலையில் தேயிலை பறிக்கிற ஜெபராணி. சினிமா என்றால், அவர் இருந்து பார்த்த படத்துக்கு மட்டுமே மலையிறங்குகிறவள். பல வருஷமாகத் தெரிந்த முகம்.

“நல்ல படம்மா, பாத்துட்டுப் போங்க” என்று அவளை மறித்தார்.

“போன தடவயும் நீங்க இருந்தீங்கன்னுதான் வந்தோம் அண்ணாச்சி. சின்னவன் மலைப்பாதை பூராவும் வாந்தி எடுத்துக்கிட்டே வந்தான். படத்தப் பாத்துட்டு, ஒங்களுக்கு ஒடம்புக்குச் சொகமில்ல போலன்னு பேசிக்கிட்டோம். இப்பம் பரவாயில்லையா?”

அது என் சம்பந்தி படம், வாயைத் திறந்தால் என் மகள் பிள்ளையோடு தெருவில் நிற்பாள் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அந்தத் தெருவில் நின்று அதைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் சம்பந்தி காதுக்குப் போய்விடும். விழுங்கினார்.

“பரவாயில்லம்மா” என்றார்.

“ஒடம்பப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு, அவள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

வியாழக்கிழமையோடு படத்தைத் தூக்கப்போவதாகத் தியேட்டரில் சொன்னார்கள். அந்த வியாழக்கிழமை மேட்னிக்கும் அவர் போனார். பத்தொன்பது பேர் இருந்தார்கள். இடைவேளையில் ஸ்டாண்டுக்கு வந்து சைக்கிள் பக்கத்தில் நின்றார். சொரிமுத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். டீக்கடையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. மணி அடிக்கும்வரை நின்றிருந்துவிட்டு, ஒரு முறுக்கு வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.