கண்ணில் பூத்த பூசணம்

சிவகாசியில் நான் வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியில் மருந்து தெறித்து என் வலது கண் கெட்டது. மதுரையில், இறந்துபோன ஒருவரின் கருவிழியை எடுத்து எனக்கு வைத்தார்கள். அறுபதுகளில் அது பெரிய அதிசயம். எங்கள் ஊர் ஆமத்தூரே வந்து பார்த்தது. கூச்சப்படுகிறவன் முகத்துக்கு நேரே ஆளாளுக்கு விளக்கைப் பிடித்தால் அவன் எங்கே போவான்?

சில மாதங்களில் அந்தக் கண் சிவந்து வலித்தது. நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி.

"பூசணம் பிடிச்சு உள்ளே இறங்குது. மாத்தி வச்ச கண்ணுல இப்படி வர்றது அபூர்வம்" என்றார் டாக்டர். அடுத்தவர் கண்ணை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுத்த சொட்டு மருந்தே பூசணத்துக்குச் சோறு போட்டு வளர்த்ததாம். அதை நிறுத்தி வேறு மருந்து கொடுத்தார். ஒரு வாரத்தில் கரையாவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். என் மனைவிக்குப் பூசணம் என்றால் ஊறுகாய். அவள் அண்ணனுக்குப் பசை; மச்சான் எங்கள் கம்பெனியில் லேபிள் ஒட்டப் பசை காய்ச்சுகிறவர்.

"ஊறுகா பூத்தா வெயில்ல வைப்போம்ல? இவுகளையும் வச்சு எடுப்போம்ணே" என்றாள்.

"வெயில்ல மேலாகத்தான் காயும். பசை பூக்காம இருக்க நான் என்ன போடுறேன்? மயில்துத்தம்! ஒரு சிட்டிகை போட்டா ஈகூட உக்காராது."

"இவுக கண்ணுல ஈ எதுக்குண்ணே உக்காருது?"

என்னை யாரும் கேட்கவில்லை. மறுநாள் கம்பெனிக் களத்தில், காய்கிற தீக்குச்சிகளுக்குப் பக்கத்தில் பாய் விரித்து என்னைப் படுக்க வைத்தாள்.

"ஏலே, இது எந்த ஊரு ஆர்டரு?" என்றான் ஒருவன்.

"திருப்பிப் போடுங்கலே, ஒரு பக்கம் தீஞ்சிரும்" என்றான் இன்னொருவன்.

மத்தியானம் மச்சான் கரண்டியில் மயில்துத்தம் கரைத்த நீலத் தண்ணீரோடு வந்தார். "கண்ணைத் தொறங்க மாப்ளே, ஒரே சொட்டு."

அதையும் பார்த்துவிடலாம் என்று மனைவி என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போனபோதுகூட வாய் திறக்காதவன் நான். அன்று போட்ட சத்தத்தில் களமே திரும்பியது.

"இது ஒங்க பசைச் சட்டி இல்ல மச்சான்! ஒருத்தர் செத்துக் குடுத்த கண்ணு! இன்னொண்ணுக்கு நான் எங்க போவேன்?"

கரண்டி கீழே விழுந்தது. அதன்பின் மணிக்கொரு தடவை டாக்டர் மருந்தை மனைவியே விட்டாள்.

வாரம் முடிந்து மதுரைக்குப் போனபோது மச்சானும் கூட வந்தார்.

"கரைஞ்சிருக்கு. தழும்பு நிக்கும், பார்வை இருக்கும்" என்றார் டாக்டர்.

"கரண்டியைக் கண்டதும் பூசணம் பயந்துருச்சு சார்" என்றார் மச்சான்.

"எந்தக் கரண்டி?"

மச்சானின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். விருதுநகர் பஸ் புறப்படும்வரை விடவில்லை.